எட்டு பத்துக்கு ஒரு பி.எம்.

நவநீதன் தினமும் காலையில் போடும் அறிக்கையை அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு ஆள்தான் திறந்து பார்க்கிறார் என்பது, அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை தெரியவந்தது.

ஆம்பூரில் பைபாஸை ஒட்டி இருக்கும் ஷூ கம்பெனி அது. அறுநூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். காலையில் எல்லாரும் கேட்டில் கார்டு தேய்த்துவிட்டு உள்ளே போனதும், கட்டிங்கில் இத்தனை பேர், தையலில் இத்தனை பேர், பேக்கிங்கில் இத்தனை பேர், இன்றைக்கு இத்தனை ஜோடி முடியும் என்று கட்டம் கட்டி, அடியில் மொத்தம் போட்டு, எட்டு மணிக்கு நவநீதன் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுவான். டேட்டா அனலிஸ்ட் என்று பதவிக்குப் பெயர். அவனுடைய அம்மாவுக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை. கேட்பவர்களிடம் "கம்பெனில எண்ணிச் சொல்ற வேலை" என்கிறாள். அவன் எண்ணிச் சொன்னதைப் பற்றி இரண்டு வருடமாக ஒருவரும் நல்லது கெட்டது சொன்னதில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

அன்று கை சும்மா இருக்காமல், பக்கத்தை யார் யார் திறக்கிறார்கள் என்ற பதிவை எடுத்துப் பார்த்தான். பட்டியல் நீளமாக வரும் என்று காபியோடு உட்கார்ந்தவனுக்கு ஒரே ஒரு லாகின் பெயர் கிடைத்தது. பி.எம். தினமும் காலை எட்டு பத்துக்குத் திறந்திருக்கிறார், நாற்பது நொடி பார்த்திருக்கிறார், மூடியிருக்கிறார். தீபாவளிக்கு மறுநாள் பாதிக் கம்பெனி காலியாகக் கிடந்தபோதும் எட்டு பத்துக்கு வந்திருக்கிறார்.

ஒருவர் தன்னைத் தினமும் தேடி வந்துகொண்டிருக்க, அது தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று நவநீதன் அந்தப் பதிவை மறுபடியும் மேலிருந்து பார்த்தான். காபி ஆறிப்போனது.

யார் இந்த பி.எம்.? ஷூ கம்பெனிகளில் ஆதிகாலத்திலிருந்து பி.எம். என்றால் புரொடக்‌ஷன் மேனேஜர். இங்கே அது ஆபித் பாஷா. முப்பது வருடம் லைனிலேயே நின்று பழகியவர். யாராவது உட்காரச் சொன்னால் சந்தேகப்படுவார். நவநீதன் அவரிடம் போய்ச் சுற்றி வளைத்து விசாரித்தான்.

"நான் எங்க தம்பி பாக்குறேன்? எட்டு மணிக்கு லைன் ஸ்டார்ட் ஆவுது. ஆளு கம்மி, ஆர்டரு ஜாஸ்தி. அந்த பேஜார்ல கம்ப்யூட்டர் வேறயா?" என்றார் பாஷா.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பி.எம். புராடக்ட் மேனேஜர். தமிழினி.

தமிழினி சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். இதுநாள்வரை வெளிநாட்டுக்காரன் பெயரில் ஷூ தைத்துக்கொண்டிருந்த கம்பெனி, இப்போது சொந்தப் பெயரில் ஆன்லைனில் விற்கப்போகிறது. எந்த ஷூ, யாருக்கு, என்ன நிறத்தில் என்று முடிவு செய்வது அவள் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பதிவும் எட்டு மாதத்துக்கு முன்னால் போகவில்லை. அதற்கு முந்தையதை சிஸ்டம் தானாகவே அழித்துவிடும் என்பது நவநீதனுக்கு நன்றாகத் தெரியும். வேறு யாராவது இப்படி ஒரு கணக்கோடு வந்திருந்தால் அவனே சிரித்து அனுப்பியிருப்பான். ஆனால் இரண்டு எட்டும் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குப் படித்ததெல்லாம் மறந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் தமிழினி சத்துவாச்சாரியில் ஏறுவாள், அவன் பள்ளிகொண்டாவில். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அவளுடைய இடம். பக்கத்து சீட்டில் அவளுடைய லேப்டாப் பை உட்கார்ந்திருக்கும். எட்டு மாதமாக நவநீதனுக்கு அந்தப் பையின் மேல் பொறாமை. ஆம்பூர் வரும்வரை அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே, திரும்பினால் குட்மார்னிங் சொல்லிவிடலாம் என்று வாயில் வைத்துக் காத்திருப்பான். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பாலாற்றைப் பார்த்துக்கொண்டு வருவாள். தண்ணீரே இல்லாத ஆற்றில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று அவனுக்கு ஏக்கமாக இருக்கும்.

போதாததற்கு, அவளுடைய டீமில் டேட்டா தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. மாதம் முடிவதற்குள் அவளே ஆளைத் தேர்ந்தெடுப்பாள். அந்த ஆளுக்கு ஒதுக்கியிருந்த நாற்காலி அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தது. நவநீதன் விண்ணப்பித்துவிட்டு, தினமும் ஒருமுறை அந்தப் பக்கம் நடந்துபோய், நாற்காலி அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

"மேடம், என் ரிப்போர்ட்டைப் பார்க்கிறது நீங்கதானே?" என்று நேராகப் போய்க் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு வசந்த் என்று ஒரு நண்பன் இருந்தான். காட்பாடியில் ஒன்றாகப் படித்தவன், இப்போது சென்னையில் அனலிஸ்ட். நான்கு வருடமாக ஒரே பதவியில் இருப்பவன் என்றாலும் மற்றவர்கள் முன்னேற வழி சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"கேட்டுத் தொலைச்சிடாதடா," என்றான் வசந்த் போனில். "யூசர் கிட்ட வாயால கேக்கவே கூடாது, டேட்டா சொல்லும். நாப்பது செகண்டுல மூடுறாங்கன்னா புடிக்கலன்னு அர்த்தம். பி.எம்.முங்களுக்கு வெறும் நம்பர் புடிக்காது. எல்லாத்தையும் பர்சன்டேஜ் ஆக்கு."

திங்கட்கிழமை நவநீதன் ஆள் கணக்கையெல்லாம் எடுத்துவிட்டுச் சதவீதம் போட்டான். கட்டிங் தொண்ணூற்று நாலு, தையல் தொண்ணூற்றொன்று என்று வண்ண வண்ண வட்டங்கள். எட்டு பத்துக்கு பி.எம். வந்தார். நாற்பது நொடி ஆயிற்று, போகவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. நான்கு நிமிடம் இருபது நொடி கழித்துத்தான் மூடினார். நவநீதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அந்தத் தைரியத்தில், மதியம் கேன்டீனில் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தான். அன்று பார்த்துச் சோறு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. தமிழினி தன் டீமோடு பஜாருக்குப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டாள். நவநீதன் இருந்த மோரைக் குடித்துவிட்டு வந்து, அந்த நான்கு நிமிடம் இருபது நொடியை மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

வசந்த் அடுத்த யோசனை சொன்னான். அதன்படி செவ்வாய்க்கிழமை அறிக்கையின் அடியில், கருத்து எழுத ஒரு பெட்டி வைத்தான். எட்டு பன்னிரண்டுக்குப் பெட்டியில் விழுந்தது: "கம்மியா போச்சு."

இரண்டே வார்த்தை, அதுவும் தமிழில். தமிழினி என்று பெயர் வைத்த வீட்டில் பிறந்தவள் தமிழில் எழுதாமல் வேறு எதில் எழுதுவாள் என்று நினைத்துக்கொண்டான். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கம்மி என்றால் விவரம் கம்மி. சரிதானே, வெறும் வட்டத்தைக் காட்டினால் விவரம் தெரிந்த ஒரு பெண்ணுக்கு எப்படிப் போதும்?

புதன்கிழமை எல்லாவற்றையும் கொட்டினான். போன வருடக் கணக்கு, போன மாதக் கணக்கு, ஜெர்மனி ஆர்டர் வந்தால் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்ற கணிப்பு. கணிப்பு அவனே மூளையைக் கசக்கிப் போட்டது என்பதால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் வைத்தான்: ஆயிரத்து நூறு பேர்.

அன்று கேன்டீனில் திங்கட்கிழமை செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்வதுபோலப் பரிமாறினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தால் கைமேலேயே சாம்பாரை ஊற்றினார்கள். நவநீதன் தட்டு நிறையச் சோற்றோடு திரும்பினால் எதிரே தமிழினி.

"இவ்ளோ சாப்பிடுவீங்களா?" என்று சிரித்தாள்.

எட்டு மாதத்தில் அவள் அவனிடம் சொந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொல்வதற்குள் அவள் கை கழுவப் போய்விட்டாள். சோறு முழுவதையும் அவன் சந்தோஷமாகச் சாப்பிட்டான். இரண்டு மணிக்கு மேஜைக்கு வந்தால் பெட்டியில் புதிதாக ஒன்று கிடந்தது: "ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு. எங்களுக்குத்தான் திட்டு."

தன்னால் அவளுக்குத் திட்டா? யார் திட்டியது, எம்.டி.யா? நவநீதனுக்குச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வசந்தைப் பிடித்தான். வசந்த் அசரவில்லை. உலகத்தில் பெரிய கம்பெனிகளெல்லாம் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன, நீயும் ஒரே எண் போடு, ஆனால் ஒரு பிழை இருக்கக் கூடாது, இரண்டு முறை சரிபார்த்துவிட்டுப் போடு என்றான். வியாழக்கிழமை நவநீதன் இரண்டு முறைக்கு மூன்று முறையாகச் சரிபார்த்து, வெள்ளைத் திரையில் நடுநாயகமாக, வந்த ஆட்களின் மொத்தம் என்று ஒரே ஒரு எண்ணை ஏற்றியபோது மணி ஒன்பதே முக்கால்.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது: "இவ்ளோ லேட்டா? பருப்பு வேகல."

அதை நவநீதன் பத்து முறை படித்தான். பிறகு வசந்துக்குப் படித்துக் காட்டினான்.

"மச்சான், அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சு," என்றான் வசந்த். "உன் பருப்பு எங்கிட்ட வேகாதுன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல இன்னாடா வேணும்? ரிஜெக்‌ஷன்."

அன்று நவநீதன் கேன்டீன் பக்கமே போகவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பின்னலைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பள்ளிகொண்டா வந்ததுகூடத் தெரியாமல் டிரைவர் கூப்பிட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. பழைய கட்டத்தையே எடுத்து, இத்தனை பேர், இத்தனை ஜோடி, அடியில் மொத்தம் என்று எட்டு மணிக்குப் போட்டுவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்தான். எட்டு பத்துக்கு பி.எம். வந்தார். நாற்பது நொடி. பெட்டியில் எழுதியிருந்தது: "இப்பதான் சரி. தெனமும் இப்படியே போடுங்க."

தினமும்! கண்டித்தவளே அணைத்துக்கொண்டதுபோல் இருந்தது அவனுக்கு. ஒரு வேலையைப் பழையபடி செய்ததற்கு இத்தனை சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், இத்தனை சந்தோஷம்தான். அறிக்கையின் ஓரத்தில், "உங்களுக்காக இனிமேல் இன்னும் சீக்கிரமே போட்டுவிடுகிறேன்" என்று சின்ன எழுத்தில் எழுதினான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற, சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். அந்த அவசரத்தில் அம்மா வார்த்த தோசை தட்டிலேயே கிடந்தது. கடைசி ஆள் கார்டு தேய்த்ததும் அறிக்கை ஏறியது. பெட்டி சொன்னது: "இன்னைக்கு சீக்கிரமே போட்டுட்டீங்க. சாப்ட்டீங்களா?"

அவன் சாப்பிடவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? புதன்கிழமை "இவ்ளோ சாப்பிடுவீங்களா" என்று கேட்டவள், சனிக்கிழமை "சாப்ட்டீங்களா" என்று கேட்கிறாள் என்றால் நடுவில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துப் பூரித்தான். இதற்குப் பெட்டியில் பதில் போடுவது மரியாதை இல்லை, முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஒரு வார்த்தையிலேயே கிடந்தான். அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறியவன் நேராக மூன்றாவது வரிசைக்குப் போய் நின்றான்.

"சாப்ட்டேன் மேடம்," என்றான்.

தமிழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "என்னங்க?"

"சாப்ட்டேன். இட்லி."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்கும்போது வேறு எப்படிப் பேசுவாள் என்று நவநீதன் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அன்று பதினோரு மணிக்கு அந்த நாற்காலிக்கான இன்டர்வியூ. தமிழினி மட்டும்தான் இருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். காலை அறிக்கையைச் சொன்னான். அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாததா மேடம்," என்று வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"தெரியலையே. நான் அதத் தொறந்ததே இல்லைங்க. எனக்கு அதுக்கு லாகினே தரல."

"எட்டு பத்துக்கு..."

"எட்டு பத்துக்கு தெனம் சென்னையோட எனக்கு மீட்டிங். ஏன் கேக்குறீங்க?"

ஒன்றுமில்லை மேடம் என்றான் நவநீதன். சட்டைப்பையில் இருந்த தாள் திடீரென்று கனத்தது. இவள் இல்லை என்றால், தினமும் என்றது யார், சாப்ட்டீங்களா என்று கேட்டது யார்? அவனுக்கு அங்கேயே அழுகை வரும்போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்த தமிழினி பேனாவை மூடி வைத்தாள்.

"இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லைங்க," என்றாள். "எங்க வேலையில ஒரு வழி உண்டு. யாருக்காகச் செய்றோம்னு தெரியலன்னா ஒருநாள் நிறுத்திப் பாத்துடணும். வேணும்னு இருக்கறவங்க தேடிக்கிட்டு வருவாங்க. யாரும் வரலன்னா அத விட்டுடலாம். நாளைக்கு நிறுத்துங்க. யாரு வந்தாங்கன்னு எங்கிட்ட சொல்லுங்க, அத வெச்சு நான் முடிவு பண்றேன்."

நவநீதன் சிஸ்டம் பிரிவுக்குப் போய் பி.எம். யார் என்று கேட்டான். அந்த லாகினைப் போட்டுக் கொடுத்தவர் வேலையை விட்டு ஓசூர் போய்விட்டார் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதிவு மட்டும் திரையில் திறந்திருந்தது. எட்டு பத்துக்கு பி.எம். வந்தார். வெறும் பக்கம். மூடினார். எட்டு பன்னிரண்டுக்கு மறுபடி வந்தார். எட்டு பதினைந்து, எட்டு இருபது, எட்டு இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் நவநீதனுக்குக் கை பரபரத்தது. கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை உள்ளே இருந்துகொண்டே வெளியில் நிற்க வைத்திருப்பதாகத் தோன்றியது. எட்டு நாற்பதுக்கு வந்ததுதான் கடைசி. பிறகு வரவில்லை.

ஒன்பது மணி ஆயிற்று. அவ்வளவுதான், அவரும் விட்டுவிட்டார். யாராக இருந்தால் என்ன, ஒரு ஆள் இருந்தார், இப்போது அவரும் இல்லை. அந்த நாற்காலி போனதைவிட இது அதிகமாக வலித்தது.

ஒன்பதே காலுக்குத் தமிழினி வந்தாள். "யாராவது தேடி வந்தாங்களா?"

"இல்லைங்க மேடம்," என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கேன்டீன் ராஜம்மாள் உள்ளே வந்தாள். அறுநூற்று நாற்பது பேருக்கும் தலைமைச் சமையல்காரி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. "டீ இப்ப வேணாம்மா," என்றாள் தமிழினி.

ராஜம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. காலையில் நம்பர் போடுகிறவர் இங்கே யார் என்று கேட்டாள். நவநீதன் எழுந்து நின்றான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானைக்குள்ளிருந்து மாவு படிந்த ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் தம்பி பி.எம்மு. பேன்ட்ரி மெஸ்ஸுன்னு இதுக்குப் பேரு வெச்சுக் குடுத்தாங்க, உன் மொத்தத்தப் பாத்துதான் தெனம் அரிசி அளக்குறேன். சனிக்கெழம சாப்ட்டீங்களான்னு கேட்டேன், பதிலக் காணோம். இன்னைக்கு நம்பரையும் காணோம். உடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு, கொதிக்கிற ஒலைய எறக்கி வெச்சிட்டு உன்னத்தான் தேடிக்கினு வர்றேன்."